ஷிபு தாவுக்கு ரெண்டு மூக்கு

முதல்லயே ஒத்துக்கறேன். அன்னிக்கு நடந்த கூத்துல என் தப்பு முக்கால்வாசி. மீதி கால்வாசி காகிதத்தோட தப்பு. இதுக்கு மேல ஒரு பொட்டு கூட நான் ஏத்துக்க மாட்டேன். முழுசும் என் தப்புதான்னு என் சம்சாரம் தனம் சொல்லிட்டுத் திரியறா. வேணும்னா அவ தனியா எழுதிக்கட்டும். இது நான் எழுதறது.

புனேல இருக்கற எம் மகன் கணேசன், பூஜா லீவுக்கு வந்தவன் ஒரு போட்டோ பிரிண்டரை வாங்கி வெச்சுட்டுப் போனான். மை பீச்சி அடிக்கற ரகம். அப்பா சும்மா உக்காந்திருக்காரு, பேத்தி படத்தையாவது அடிச்சுப் பார்க்கட்டும்னு அவனுக்கு எண்ணம். (நான் ஒண்ணும் சும்மா உக்காரலை. காலையில லேக்கைச் சுத்தி நடக்கறேன், வந்து குளிக்கறேன், சாப்பிடறேன், மத்தியானம் தூங்கறேன். இதையெல்லாம் வேலைன்னு யாரும் கணக்குல சேர்க்கறதில்லை, அவ்வளவுதான்.)

படிப்பு எனக்கு மூணாம் கிளாஸோட சரி. அப்பா என்னை ரயிலேத்தி ஹவுராவுக்குக் கூட்டிட்டு வந்து ஒரு பட்டறையில விட்டாரு. அங்க முப்பத்தெட்டு வருஷம் லேத் ஓட்டினேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான். ஆனா நம்பர் படிப்பேன். மிஷினுக்கு நம்பர் போதும். எங்க மேஸ்திரி வெத்திலையைக் குதப்பிக்கிட்டே ஒண்ணு சொல்லுவாரு: மிஷினை ஒரு தடவை ஒழுங்கா செட் பண்ணிட்டா அப்புறம் அது பக்கத்துல மூச்சு கூட விடாதேம்பாரு. அவரு செட் பண்ணின லேத்துல சாக்பீஸ்ல ஒரு குறி போட்டிருப்பாரு. அதை அழிச்சவன் வேலையை விட்டுப் போன மாதிரிதான். அந்தப் புத்தி எனக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. அதனால பிரிண்டர் வந்தப்பவும், கணேசன் ஒரு தடவை செட் பண்ணிக் கொடுத்ததும், ரைட்டு, இனி இதைத் தொடப்படாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப ஷிபு தாவைச் சொல்லணும். 'தா'ன்னா பெங்காலியில அண்ணன். எங்களுது லேக் கார்டன்ஸ்ல பழைய கட்டடம். நாங்க மாடி, எங்களுக்கு நேர் கீழ ஷிபு தா வீடு. அலிப்பூர் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவரு. நாங்க குடி வந்த மறுநாளே அவருக்கும் எனக்கும் சண்டை. தனம் மோர்மிளகாய் வறுத்திருக்கா. கீழ வீடு பூரா இருமல். கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டு மாடியேறி வந்து, என்ன மொஷாய், மேல ஏதாவது கெமிக்கல் ஃபாக்டரி வெச்சிருக்கீங்களான்னு கேட்டாரு. எனக்கு அப்ப பெங்காலி அரைகுறை. பதில் சொல்லத் தெரியாம ஒரு தட்டுல தயிர்சோறும் அந்த மிளகாயும் வெச்சு நீட்டிட்டேன். கடிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. தட்டோட கீழ போயிட்டாரு. சாயங்காலம் தட்டு காலியா வந்துச்சு, அதுமேல நாலு சந்தேஷ் ஸ்வீட்டு இருந்துச்சு. அதுலேந்து நாப்பது வருஷம், தினம் காலையில ரெண்டு பேரும் லேக்குல நடை. நடைன்னா நடை கால் மணி நேரம், டீக்கடை பெஞ்சு முக்கால் மணி நேரம்.

என் பேரு ஷண்முகம். பெங்காலிங்க வாயில அது ஷோன்மு ஆயிடுச்சு. நானும் சரின்னு விட்டுட்டேன்.

ஒரு குளிர்காலத்துல ஷிபு தா தூக்கத்துலயே போயிட்டாரு. அன்னிக்கு நான் என்ன ஆனேங்கறதை இங்க எழுதப் போறதில்லை. நேரா பதிமூணாம் நாளுக்கு வரேன்.

அந்த நாளை இங்க ஸ்ராத்தோம்பாங்க. நம்ம கருமாதி மாதிரிதான். இறந்தவரோட பெரிய போட்டோவை வெள்ளைத் துணி போட்ட நாற்காலியில வெச்சு, கண்ணாடி மேல சந்தனப் பொட்டு வெச்சு, ரஜனிகந்தா மாலை போடுவாங்க. நம்ம ஊரு நிலசம்பங்கிதான் அது. வர்றவங்க ஒவ்வொருத்தரும் போட்டோவுக்கு முன்னாடி போய் நின்னு, மூஞ்சியை நல்லாப் பார்த்து, பூ வெச்சுட்டு வருவாங்க. அதனால அன்னிக்குக் கூட்டத்துல முக்கியமான ஆளு அந்தப் போட்டோதான்.

ஷிபு தாவுக்கோ போட்டோன்னாலே ஆகாது. கேமராவைக் கண்டா, பொய்ச்சாட்சி சொல்ல வந்தவன் மாதிரி விறைச்சுக்குவாரு. வீட்டுல இருந்த படம் எல்லாமே ரேஷன் கார்டு மூஞ்சி. சிரிக்கற படம் ஒலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான், அது என் போன்ல இருந்துச்சு. டீக்கடை பெஞ்சுல நான் ஏதோ சொல்லப் போக, அவரு வாயைத் திறந்து சிரிச்ச நேரம் பார்த்து என் கட்டைவிரல் தப்பா பட்டு விழுந்த படம் அது.

பௌதி, அதாவது ஷிபு தாவோட சம்சாரம், என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க. என்னை அவங்க டாக்கூர்போன்னுதான் கூப்பிடுவாங்க, புருஷனோட தம்பியைக் கூப்பிடற பேரு அது. அந்தப் படத்தை நான் முன்னாடியே காட்டியிருந்தேன்.

"அந்தச் சிரிச்ச மூஞ்சி வேணும் டாக்கூர்போ. எல்லாரும் கடைசியா அதைப் பார்த்துட்டுப் போகட்டும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அவங்க மகன் புபாய் நல்ல பையன், நாப்பத்தஞ்சு வயசு. படத்தை என் போன்லேந்து அவன் போனுக்கு அனுப்பச் சொன்னான், முக்குல இருக்கற ஸ்டூடியோவுல கொடுத்துடறேன்னான். அங்கதான் என் வாய் திறந்துச்சு. ஸ்டூடியோக்காரன் உங்கப்பாவை வெளுப்பாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசி, பின்னாடி அருவி வெச்சுக் கொடுப்பான், உங்கப்பா என்ன கல்யாண மாப்பிள்ளையான்னு கேட்டேன். என் வீட்டுல மிஷின் இருக்கு, காகிதம் இருக்கு, எடுத்தவனும் நான்தான், நானே அடிச்சுக் கொடுக்கறேன்னேன். புபாய் அம்மாவைப் பார்த்தான். பௌதி சரின்னு தலையை ஆட்டினாங்க. அந்தத் தலையாட்டலை நம்பி அவன் ஸ்டூடியோவை விட்டுட்டான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி என்னைத் திட்டறதுக்கு உதவும்.

கணேசன் ரெண்டு தினுசு காகிதம் வெச்சுட்டுப் போயிருந்தான். ஒண்ணு பளபளன்னு மெலிசா இருக்கும், மூஞ்சி பார்த்து தலை சீவலாம். இன்னொண்ணு பளபளப்பு இல்லாதது, அட்டை மாதிரி கனம், தடவினா புது வேட்டி மாதிரி லேசா சொரசொரப்பு. அதுல அடிச்சா நூறு வருஷம் மங்காதாம். பளபளா காகிதம் பூரா முருகனா வெளிய போயாச்சு. (வந்த ஜோர்ல ஒரு முருகன் அடிச்சேன். ரொம்ப நல்லா வந்துச்சு. அப்புறம் இந்தப் பக்கத்துல இருக்கற நம்ம ஆளுங்க ஒருத்தர் வீடு விடாம கொடுத்துட்டேன். கேக்காதவங்களுக்கும் கொடுத்தேன்.) மிச்சம் இருந்தது கனமான காகிதம்தான். பத்துல ஏழு பேத்திக்கே போச்சு. பாக்கெட்டுல மூணு இருந்துச்சு.

அந்த ஏழுமே கொஞ்சம் கலங்கலாத்தான் வந்துச்சு. அப்பவே கணேசன் போன்ல சொன்னான்.

"அப்பா, காகிதம் மாறினா ஹெட்டைத் திரும்ப அலைன் பண்ணணும். கனம் வேற இல்ல? டெஸ்ட் ஷீட்டை அதே காகிதத்துலயே அடிங்க."

ஹெட்டுன்னா மை பீச்சற மண்டை. டெஸ்ட் ஷீட்டுன்னா வெறும் கோடும் கட்டமும். ஒண்ணுலேந்து ஒம்பது வரைக்கும் நம்பர் போட்டுக் கட்டம் கட்டமா அடிக்கும். எந்தக் கட்டத்துல நடுவுல பொளவு தெரியலையோ அந்த நம்பரை நாம மிஷினுக்குச் சொல்லணும். அவ்வளவுதான் வேலை. எனக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சதுனாலதான் கோவம் வந்துச்சு. நூறு வருஷம் மங்காத காகிதத்துல எவனாவது கோடு போட்டுப் பழகுவானா? நாங்கல்லாம் பலசரக்கு மடிச்சு வர்ற பேப்பரைக் கூட நீவி எடுத்து வெக்கறவங்க. எங்க வீட்டுல பால் கணக்கு எழுதறது கல்யாணப் பத்திரிகை முதுகுல. அந்த வீட்டுல வந்து, புது ஷீட்டை எடுத்துக் கட்டம் போட்டுக் கிழிச்சுப் போடுங்கறான். சரிப்பான்னு போனை வெச்சுட்டேன். எங்க வீட்டுல சரிப்பான்னா, நடக்காதுன்னு அர்த்தம்.

இப்ப ஷிபு தா படத்தை அந்தக் கனக் காகிதத்துல அடிக்கணும். ஸ்ராத்தோவுக்கு முந்தின நாள் மத்தியானம் உக்காந்தேன். ஷிபு தாவுக்காக மேஸ்திரி பேச்சைக் கொஞ்சம் ஓரம் கட்டிட்டு, அலைன் பண்ணிடறதுன்னு முடிவு பண்ணினேன். ஆனா நல்ல காகிதத்துல இல்லை. எங்க தெரு மிஷ்டிக்கடைக்காரர் வருஷா வருஷம் பொய்லா பொய்ஷாக் அன்னிக்கு, அதான் பெங்காலி வருஷப்பிறப்புக்கு, ஸ்வீட் டப்பாவோட ஒரு காலண்டர் கொடுப்பாரு. முன்பக்கம் காளி, பின்பக்கம் வழவழன்னு வெள்ளை. எல்லா வருஷத்துதும் மெத்தைக்கு அடியில இருக்கு. அதுல ஒண்ணை எடுத்து, அளவா வெட்டி, உள்ள விட்டேன். அப்ப எனக்கு என் புத்தி மேலயே ஒரு பெருமை. நல்ல காகிதமும் மிச்சம், வேலையும் ஆச்சு.

காலண்டர் காகிதம் மையைக் குடிக்கலை. மை மேலயே நின்னு, மழை பெஞ்ச தெரு மாதிரி ஓடுச்சு. ஒம்பது கட்டமும் ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரு கறுப்புக் குட்டையா இருந்துச்சு. அதுல ஓரத்துல இருந்த ஒம்பதாம் நம்பர் மட்டும் கொஞ்சம் கட்டம் மாதிரி தெரிஞ்சுச்சு. நான் ஒம்பதுன்னு கொடுத்துட்டேன். ஆஸ்பத்திரியில எனக்கு இடது கண்ணுல புரை இருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னு அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சொல்லியாச்சு. நான் சரிங்கன்னு சொல்லியிருந்தேன். (சரின்னா என்ன அர்த்தம்னு மேல சொல்லிட்டேன்.)

அப்புறம் மூணு நல்ல ஷீட்டுல ஒண்ணை விட்டு, ஷிபு தாவை அடிச்சேன். வெளிய வந்ததைக் கையில எடுத்து, வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். எனக்குத் திருப்தி. தனத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு அதுக்கு முந்தின வருஷம்தான் ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆகியிருந்துச்சு. அதுலேந்து அவ பண்ற அட்டகாசம் தாங்கலை, சாம்பார்ல கிடக்கற கடுகை எண்ணுவா. படத்தை ஒரு நிமிஷம் பார்த்தா.

"என்னங்க, இவருக்கு ரெண்டு மூக்கு இருக்கு."

"ஈரமா இருக்குடி. காய்ஞ்சா சேர்ந்துடும்."

"கண்ணும் நாலு இருக்கே."

"அதுவும் காய்ஞ்சா சேர்ந்துடும்."

அவ முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. நான் பொய் சொல்லலை, சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். என் கண்ணுக்கு அந்த வருஷம் எல்லாருக்குமே எல்லாமே ஒண்ணரையாத்தான் தெரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஷிபு தாவுக்கு மட்டும் நான் தனியா என்னத்தைக் கண்டுபிடிக்கறது? ஃப்ரேம்ல போட்டு, கண்ணாடியைத் துடைச்சு, வெள்ளைத் துணியால மூடி வெச்சுட்டேன்.

மறுநாள் காலையில குளிச்சுட்டு, வெள்ளை வேட்டி கட்டி, படத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுக் கீழ இறங்கினேன். கூடம் நிறைய ஆளுங்க. புபாய் மொட்டை போட்டு உக்காந்திருக்கான். புரோகிதர் எல்லாத்தையும் பரப்பி வெச்சுட்டு வாட்சைப் பார்த்துக்கிட்டிருக்காரு, பதினோரு மணிக்கு அவருக்கு அலிப்பூர்ல இன்னொரு வீடு. நான் படத்தை நாற்காலியில வெச்சு, கொஞ்சம் பெருமையாவே துணியை எடுத்தேன்.

முதல் வரிசையில இருந்தவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. பக்கத்துல இருந்தவரும் கழட்டினாரு. அப்படியே பின்னாடி வரைக்கும், ஒவ்வொருத்தரா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறாங்க. நான் என்ன நினைச்சேன்னா, பாரு, ஷிபு தாவைப் பார்த்ததும் எல்லாருக்கும் அழுகை முட்டுதுன்னு நினைச்சேன்.  எல்லாரும் துடைச்சு முடிச்சுத் திரும்ப மாட்டிக்கிட்டு, திரும்பப் படத்தைப் பார்த்து, திரும்பக் கழட்டினாங்க. அப்பதான் எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு.

ஷிபு தாவோட அக்கா, எண்பது தாண்டினவங்க, ஹவுராவுலேந்து வந்திருந்தாங்க. அவங்க கண்ணாடி போடறதில்லை. எழுந்து கிட்டக்க வந்து, குனிஞ்சு பார்த்தாங்க. தம்பி பேரைச் சொல்லி, ஏன்டா தலையை இப்படி ஆட்டிக்கிட்டே இருக்கேன்னு படத்தைப் பார்த்துக் கேட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, இவன் எதை வேண்டாங்கறான்னு கேட்டாங்க.

பின் வரிசையில யாரோ இருமற மாதிரி சிரிச்சாங்க. புபாய் எழுந்தான். அவன் என்னைக் காக்குன்னுதான், அதாவது சித்தப்பான்னுதான் கூப்பிடுவான், ஒரு நாளும் குரல் உசத்திப் பேசினதில்லை. அன்னிக்கும் உசத்தலை, அதுதான் இன்னும் மோசம்.

"காக்கு, நான் ஸ்டூடியோவுல கொடுக்கறேன்னுதானே சொன்னேன்."

இந்த இடத்துல மனுஷன்னா மன்னிப்பு கேக்கணும். நான் என்ன சொன்னேன்னா, மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லை, காகிதம்தான் சரியில்லைன்னேன். முருகன் நல்லா வந்தாரேன்னேன். கருமாதி வீட்டுல நின்னுக்கிட்டு, முருகன் எப்படி வந்தாருன்னு விளக்கம் சொல்லிக்கிட்டிருக்கேன். ஸ்டூடியோவுக்கு ஓடலாம்னு ஒருத்தரு சொன்னாரு, அவன் பதினொண்ணுக்குத்தான் திறப்பான்னு இன்னொருத்தரு. ரேஷன் கார்டு படத்தையே எடுத்து வெச்சுடலாம்னு புபாய் உள்ள போகத் திரும்பினான்.

பௌதி அதுவரைக்கும் மூலையில உக்காந்திருந்தாங்க. எழுந்து வந்து படத்துக்கு முன்னாடி நின்னாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அவங்க என்னைத் திட்டியிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பிச்சிருப்பேன். அவங்க திட்டலை.

"இது அவரு இல்லை," அப்படின்னாங்க. "நீங்க அவரைக் கொண்டு வரேன்னு சொன்னீங்க."

புரோகிதர் இன்னும் அரை மணி நேரம் பொறுக்கறேன்னாரு. நான் மாடிப்படி ஏறினேன். எழுபது வயசுல ரெண்டு ரெண்டு படியா.

படியிலதான் எனக்கு விஷயம் மண்டையில ஏறிச்சு. ஓடற ட்ராம்லேந்து இறங்கியிருக்கீங்களா? வயசுல நாங்கல்லாம் நிறுத்தத்துக்குக் காத்திருக்க மாட்டோம். கால் எங்க பதியும்னு உடம்புக்குத் தெரியும். ஒரு நாள் ரோட்டைத் தோண்டிப் போட்டு, கப்பிக்கல்லைக் கொட்டி, ஒரு சாண் மேடாக்கிட்டான். அதே ட்ராம், அதே நான், வழக்கம் போல இறங்கினா, தரை முன்னாடியே வந்துடுச்சு. விழுந்து எழுந்து பார்த்தா முட்டி பேர்ந்து போச்சு. இந்த ஹெட்டும் அப்படித்தான். வலக்கைப் பக்கம் போகையில மையைச் சொட்டும், திரும்பி வரையிலயும் சொட்டும், ஓடிக்கிட்டே சொட்டும். காகிதம் கனமா இருந்தா தரை மேடாயிடுது, சொட்டு முன்னாடியே விழுந்துடுது. போகையில போட்ட மூக்கு ஒரு இடம், வரையில போட்ட மூக்கு ஒரு இடம். முப்பத்தெட்டு வருஷம் மைக்ரோமீட்டர் பிடிச்ச கை இது. மயிரிழை கனத்தைத் தொட்டே சொல்லும். அந்தக் கையில காலண்டரையும் கனக் காகிதத்தையும் மாத்தி மாத்திப் பிடிச்சிருக்கேன், எனக்கு உறைக்கலை. சிக்கனம் வந்து உக்காந்துட்டா கைக்குக் கூடக் காது கேக்காம போயிடுது.

வீட்டுக்குள்ள போய் பாக்கெட்டைப் பிரிச்சேன். மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு ஷீட்டு.

ஒண்ணைக் கோடு அடிக்கக் கொடுத்துட்டா, படத்துக்கு ஒண்ணுதான். அது தப்பினா அவ்வளவுதான், ரேஷன் கார்டு. கோடு அடிக்காம, நானா ஒரு நம்பரைப் போட்டுப் பார்த்தா ரெண்டு தடவை அடிச்சுப் பார்க்கலாம். ரெண்டு ஷீட்டையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கறேன். பின்னாடியே ஏறி வந்த தனம் மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு ஷீட்டைப் பிடுங்கி மிஷின்ல விட்டா.

"கோடு அடிங்க."

அடிச்சேன். அந்த நல்ல காகிதத்துல வெறும் கட்டம் வந்து விழுந்ததைப் பார்க்கையில எனக்கு நிஜமாவே நெஞ்சு வலிச்சுது. ஆனா ஒண்ணு சொல்லணும், கட்டம் ஒவ்வொண்ணும் செதுக்கின மாதிரி இருந்துச்சு. ஜன்னல்கிட்ட கொண்டு போய் ரெண்டு பேரும் பார்த்தோம். நான் அஞ்சுன்னேன். அவ மூணுன்னா.

அஞ்சுல பொளவே இல்லைடின்னேன். அஞ்சுல என் சுண்டுவிரல் போற அளவுக்குப் பொளவு இருக்குன்னா. முப்பத்தெட்டு வருஷ அனுபவம்னேன். கீழ புரோகிதர் மணி அடிக்கற சத்தம் கேக்குது, அவரு மந்திரத்துக்கு அடிச்சாரோ என்னை அவசரப்படுத்த அடிச்சாரோ தெரியலை. மிஷின் நம்பர் கேட்டுக் கேட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு நிக்குது. என் விரல் அஞ்சுக்குப் போயிடுச்சு. தனம் மணிக்கட்டைப் பிடிச்சுட்டா.

"உங்களுக்கு நிலாவே ரெண்டு தெரியுது. ரெண்டா தெரியற கண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணா இருக்கறதை எப்படிங்க எடுப்பீங்க?" அப்புறம் குரலை இறக்கிச் சொன்னா, "அந்தப் பொம்பளை உங்களை நம்பித்தான் கீழ நிக்கறாங்க. உங்க வீம்பை நாளைக்கு வெச்சுக்கலாம்."

மூணை அமுக்கினேன். அமுக்கினது என் விரல்தான். ஆனா விரல்ல இருந்த பலம் அவளோடது.

கடைசி ஷீட்டை விட்டேன். அந்த மிஷின் நல்ல ரகத்துல அடிச்சா ரொம்ப நிதானம், என்னை மாதிரி. முதல்ல நரைச்ச முடி வந்துச்சு. அப்புறம் நெத்தி, அதுல மூணு சுருக்கம். புருவம் வந்துச்சு. நான் தனத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவ மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்னு நின்னேன். அவ உதடு லேசா அசைஞ்சுது, எண்ணறா. கண்ணு ரெண்டு, மூக்கு ஒண்ணு. அப்புறம் அவ எண்ணறதை நிறுத்திட்டு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டா. நான் திரும்பினேன். தட்டுல ஷிபு தா வாயைத் திறந்து சிரிச்சுக்கிட்டு இருக்காரு, முன்பல்லுல ஓரம் உடைஞ்சது கூடத் தெரியுது. அன்னிக்கு அவரைச் சிரிக்க வைக்க நான் என்ன சொன்னேன்னு எவ்வளவோ யோசிச்சேன். ஞாபகம் வரலை. இன்னும் வரலை.

காயறதுக்குக் கூட விடலை. ரெண்டு மூலையையும் பிடிச்சுக்கிட்டு, ஊதிக்கிட்டே இறங்கினேன். ஃப்ரேம்ல பழசை எடுத்துட்டு இதை வெச்சோம்.  ஹவுரா அக்கா கிட்டக்க வந்து பார்த்து, பதிமூணு நாள்ல முதல் தடவையா வாய்விட்டு அழுதாங்க. பௌதி அழலை. சந்தனத்தை எடுத்து நெத்தியில பொட்டு வெச்சு, மாலையைப் போட்டு, அது கோணலா இருந்ததைச் சரி பண்ணினாங்க. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டாரு," அப்படின்னாங்க. புரோகிதர் ஆரம்பிச்சாரு. புபாய் என்னைத் தன் பக்கத்துல உக்காரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

நானும் உக்காந்தேன். உக்காந்த உடனே சும்மா இருந்திருக்கலாம். பக்கத்துல இருந்தவருகிட்ட, அஞ்சு போட்டிருந்தா இன்னும் கூட நல்லா வந்திருக்கும்னு சொன்னேன். தனம் காதுல அது விழுந்துடுச்சு. பந்தியில லூச்சிப் பூரி பரிமாறையில அவ அதைப் பௌதிகிட்டச் சொல்ல, பௌதி புபாய்கிட்டச் சொல்ல, சாப்பாடு முடியறதுக்குள்ள கட்டடம் பூரா பரவிடுச்சு. வீட்டுல இப்பவும் குக்கர்ல எத்தனை விசில், டாக்ஸிக்கு எத்தனை பேரு, எது கேட்டாலும், போன்ல பேத்தி முதக்கொண்டு, தாத்தா, மூணா அஞ்சான்னுதான் கேக்குது. லேக்குல நடக்கப் போனா டீக்கடை பெஞ்சுலேந்து பெங்காலியில அதே கேள்வி வருது, ஷோன்மு தா, தீன் நா பாஞ்ச்? நான் நிக்காம, திரும்பாம, பாஞ்ச்னு சொல்லிட்டுப் போவேன். ஒரு நாளும் தீன்னு சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

விஷயத்தைக் கேள்விப்பட்டு கணேசன் புனேலேந்து அதே கனக் காகிதம், அம்பது ஷீட்டு ஒரே பாக்கெட்டா அனுப்பி வெச்சான். அப்பா, ஷிபு காக்கு படத்தையே அஞ்சுல ஒண்ணு, மூணுல ஒண்ணு அடிச்சுப் பாருங்க, சண்டை தீர்ந்துடும்னு உள்ள ஒரு சீட்டு வேற. என் கண்ணும் இப்ப ஆபரேஷன் ஆயாச்சு, எல்லாம் ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது. ரெண்டு நிமிஷ வேலை. தனம் தினம் அந்த பாக்கெட்டைத் தூசி தட்டி, என் கண்ணு படற இடமாப் பார்த்து வெச்சுட்டுப் போறா. நான் இன்னும் அதைப் பிரிக்கலை. எனக்குத் தெரிஞ்ச உண்மைக்கு எதுக்கு ரெண்டு நல்ல காகிதத்தை வீணாக்கறது?